ஏறும்போது இருக்கும் பயம் இறங்கும்போது எங்கே போகிறது?

வாசகர் கார் கேள்விகள்: சேலம், ஏற்காடு

வெயில் ஏறினால் ஏற்காடு மலைப்பாதை பற்றிய கடிதங்களும் கூடிவிடும். பெரும்பாலானவர்கள் "வண்டி ஏறுமா?" என்றுதான் கேட்கிறார்கள். இறக்கத்தில் பிரேக் கைவிட்டதைப் பற்றி எழுதியவர் ஒருவர்தான். அவர் கடிதத்தை முதலில் வைத்திருக்கிறோம். அதைப் படிக்காமல் யாரும் மலையிலிருந்து இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தோம். அடிவாரம் நெருங்கும்போது தீய்ந்த நாற்றம். பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போகிறது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடிக்கிறது! மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அப்படியானால் என்னதான் நடந்தது?
வாசகர், அஸ்தம்பட்டி

உங்கள் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. மெக்கானிக் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அவர் பார்த்திருக்க வேண்டியது பேடை மட்டுமல்ல, ஆயிலையும்தான்.

திரவத்தை அமுக்க முடியாது. அதனால்தான் பெடலில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் குழாய் வழியாக அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆயில் கொதித்து நடுவில் ஆவிக் குமிழ் வந்துவிட்டால், காலின் பலமெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் பஞ்சானது அதனால்தான். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் கெட்டியாகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது தடயமே இருக்காது.

இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆட்களும் பைகளுமாக 1,400 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய நாலரை யூனிட் கரண்டுக்குச் சமம். 1,000 வாட் அயர்ன்பாக்ஸ் ஒன்று நாலரை மணி நேரம் அணையாமல் சுடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றும் டயரும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். டாப் கியரில் விட்டு, பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே இறங்கினால் அத்தனை சூடும் பிரேக்குக்கே போகும். அதுவும் பெரும்பங்கு முன் சக்கரங்கள் இரண்டுக்கும்.

அடுத்தது ஆயிலின் வயது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வரையறுத்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. சேலத்துக்குள் ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் ஓடுகிறவரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலை இறக்கத்தில்தான் தெரியும்.

இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டி கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதன்படி. பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் இருப்பதை ஊசியால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றிக் கொடுத்தால் அது மாற்றியதாகாது. கொதித்த ஆயில் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிறது, டப்பாவில் இல்லை. நாலு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளைத் திறந்து, பழைய பழுப்பு ஆயில் போய்த் தெளிந்த ஆயில் வரும்வரை விட வேண்டும். சின்ன காருக்கு ஒரு லிட்டர் டின் போதும். டின்னை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், ஏற்கெனவே திறந்து வைத்த டின் வேண்டாம். ஒரு முறை இவ்வளவு சூடேறிய பேடின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருக்கலாம். கனம் இருந்தாலும் பிடிக்காது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

இனி இறங்கும் முறை. மேலே வண்டியை எடுக்கும்போதே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் போன பிறகு அல்ல, வேகத்தைக் குறையுங்கள். தேவைப்பட்டால் முதல் கியர். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் உறுமுவதைக் கேட்டுப் பதறி மேல் கியருக்குப் போகாதீர்கள். அந்த உறுமல்தான் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றுகிறது. பிரேக்கை லேசாகத் தொட்டபடியே வராதீர்கள். 35-க்குப் போனால் நன்றாக மிதித்து 20-க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். எடுத்த அந்த இடைவெளியில்தான் டிஸ்க்கில் காற்று படும். ஆட்டோமேட்டிக் வண்டி டி-யில் இருந்தால் பல மாடல்களில் தானாக மேல் கியருக்குப் போய்விடும். வழக்கமான கிளட்சையும் கியரையுமே தானாக இயக்கும் ஏ.எம்.டி.யில் எம் பக்கம் தள்ளி 2-இல் நிறுத்துங்கள். மற்றவற்றில் எல் (L), எஸ் (S), பி (B; பார்க்கிங் P அல்ல) என்று எது இருக்கிறதோ அது.

மறுபடியும் பெடல் அமுங்கினால்: காலை எடுத்து எடுத்து வேகமாகப் பம்ப் செய்யுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கூடவே ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வதால் ஆயில் கொதித்தாலும் அது பிடிக்கும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் வழுக்கிவிடும். வேறு வழியே இல்லையென்றால் மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்துங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். நின்ற பிறகு கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கிற இரும்பு கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடும்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் என் மாமனார். சாவியையே அணைத்துவிடும் ஆட்களும் இருக்கிறார்களாமே?
வாசகி, அம்மாபேட்டை

மாமனார் கார்புரேட்டர் காலத்துக் கணக்கைச் சொல்கிறார். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் ஓட மணிக்கு முக்கால் லிட்டர் அளவு பெட்ரோல் எரிக்கும். ஆக நியூட்ரலில்தான் செலவு அதிகம், ஆபத்தும் அதிகம்.

சாவியை அணைப்பது இதைவிடக் கொடுமை. காலின் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டரில் மீதியிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மாமனாரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனால் வண்டி நகர்ந்து நகர்ந்துதான் ஏறுகிறது. அன்று கிளட்ச் தீய்ந்த வாடை. 45,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கிளட்ச் போய்விட்டதா?
வாசகர், கொண்டலாம்பட்டி

வாடை வந்ததாலேயே போய்விட்டது என்று அர்த்தமில்லை. தட்டையான ரோட்டில் சோதித்துப் பாருங்கள்: நாலாவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். சுற்று விறுவிறுவென்று ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் பிளேட் வழுக்குகிறது. சுற்றும் வேகமும் சேர்ந்தே மெல்ல ஏறினால் இன்னும் ஓட்டலாம். மாற்ற வேண்டி வந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரியது. பேரிங்கை மட்டும் விட்டுவைத்து ஆறு மாதத்தில் மறுபடி இறக்குவது வீண் செலவு.

வாடைக்குக் காரணம் ஹாஃப் கிளட்ச். மேட்டில் பிரேக் போடாமல், கிளட்சையும் ஆக்ஸிலேட்டரையும் வைத்து வண்டியைத் தொங்கவிட்டால் பிளேட் அந்த நேரம் முழுக்க இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலில் தேய்ந்துகொண்டே இருக்கும். முன்வண்டி நாலடி நகர்ந்தவுடன் நீங்களும் நகராதீர்கள். ஒன்றரைக் கார் நீளம் இடம் விழும்வரை ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள். பிறகு முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். பானட் முன்பக்கம் லேசாக நிமிர்ந்து, இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும் இடம் ஒன்று வரும். அங்கே காலை நிறுத்தி, 1,500 சுற்று கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. நகர்ந்ததும் கிளட்சிலிருந்து கால் முழுக்க வெளியே வந்துவிட வேண்டும். சமதரையில் நாலு நாள் பழகிக்கொண்டு, பிறகு கோரிமேடு பக்கத்து மேட்டில் செய்து பாருங்கள்.

மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் தானே பிடிக்கும் ஹில் ஹோல்டு இருந்தாலும் அது இரண்டு மூன்று விநாடிதான் பிடிக்கும். ஏ.எம்.டி. வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பது இதே கிளட்ச்தான். ஆக்ஸிலேட்டரால் மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதுவும் கருகும்.

கேள்வி: மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. ரேடியேட்டரில் அவ்வப்போது வீட்டுப் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். தவறா?
வாசகர், சூரமங்கலம்

பெரிய தவறு. நம் ஊர்ப் போர் தண்ணீரில் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. சூடு வெளியேறாமல் தடுக்கும் போர்வை அது. கூலண்டும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். கலந்தே வரும் ரெடிமிக்ஸ் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறம் வேறாக இருக்கும் இரண்டு கூலண்டைக் கலக்காதீர்கள். முதலில் பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, பிறகு புதியதை நிரப்பி, ஏர் லாக் எடுக்கச் சொல்லுங்கள். காற்று மாட்டிக்கொண்டால் கூலண்ட் நிறைய இருந்தும் முள் ஏறும்.

ஏற்றத்தில் மட்டும் சூடாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 20 வேகத்தில் ஏறும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குப் போதாது, ஃபேன்தான் கதி. வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மாக்னசைட் சுரங்கப் பக்கம் வெள்ளைத் தூசிக்கு நடுவே தினமும் ஓடும் வண்டி என்றால் ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே தூசி அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகம் குறைத்த தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் இதழ் மடங்கிவிடும்.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, கண்ணாடிகளை இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள் வந்துவிடும். ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆகாமல் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் நிற்கும் தண்ணீர், திறந்த கணத்தில் முகத்தில் பீறிடும். அவசரத்துக்கு ஊற்ற கேன் தண்ணீர் பரவாயில்லை. ஊர் திரும்பியதும் வடித்துவிடுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறோம். 30 யூனிட் பேட்டரி. சேலத்திலிருந்து ஏற்காடு போய்வரத் தாங்குமா?
வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

தாராளமாக. கணக்கு இதுதான்: ஆட்களோடு 1,700 கிலோ வண்டியை 1,200 மீட்டர் தூக்க மோட்டார் இழப்பையும் சேர்த்து ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல். 30 கிலோமீட்டர் உருண்டு போக இன்னொரு மூன்று. ஆக ஏறுவதற்கு ஒன்பது, பத்து யூனிட். மேலே போய்ச் சேரும்போது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இறங்கும்போது ரீஜென் மூலம், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பும் வசதி மூலம், ஏறக்குறைய மூன்று யூனிட் திரும்பிவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தை அவசியம் நினைவில் வையுங்கள். ஏற்காட்டில் இரவு தங்கி, காலையில் 100 சதவீதம் சார்ஜோடு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் வேலை செய்யாது, அல்லது மிகக் குறைவாகச் செய்யும். அப்போது அஸ்தம்பட்டி வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம். 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட்டு, ரீஜெனை உச்சத்தில் வைத்து இறங்குங்கள். விடுதி 15 ஆம்பியர் பிளக்கில் போடுவதாக இருந்தால் எர்த் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: மலைக்குப் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்களே?
வாசகர், ஓமலூர்

வேண்டாம். உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு பவுண்டு அளவு கூட்டிக் காட்டும். மேலே குளிர் 10 டிகிரி கூடினால் டயருக்குள் ஏறக்குறைய அதே இரண்டு பவுண்டு குறையும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழு லோடுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை அடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

கேள்வி: மாலையில் மூடுபனி இறங்கினால் கண்ணாடி மறைக்கிறது. சிலர் ஏ.சி. போடு என்கிறார்கள், சிலர் போடாதே என்கிறார்கள்.
வாசகர், நாகலூர்

இரண்டு பேர் சொல்வதும் சரி. விரலால் உள்பக்கம் கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே, அதாவது உங்கள் மூச்சு. ஏ.சி.யைப் போட்டு, சூட்டுப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, கண்ணாடிக்கு விடுங்கள். ஏ.சி. காற்றைக் காயவைக்கும், ஒரு நிமிடத்தில் தெளியும். கோடு விழாவிட்டால் ஈரம் வெளியே. சேலத்து வெயிலுக்கு வைத்த ஏ.சி. அப்படியே ஓடி, முன்கண்ணாடி சில்லிட்டுப்போய், வெளியில் உள்ள பனி அதில் படிகிறது. வைப்பரைப் போடுங்கள், ஏ.சி. குளிரைக் குறையுங்கள்.

விளக்கு டிம்மில்தான் இருக்க வேண்டும். பிரைட் போட்டால் பனி வெள்ளைச் சுவராகத் திருப்பி அடிக்கும். நாலு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டபடி ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. நின்றுவிட்டால் போடுங்கள்.

கேள்வி: கொண்டை ஊசி வளைவில் யார் யாருக்கு வழிவிட வேண்டும்?
வாசகர், அயோத்தியாப்பட்டணம்

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். சட்டமும் அப்படித்தான். மேட்டில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம். பஸ் வந்தால் இன்னும் பொறுமை வேண்டும். நீளமான வண்டி வளைவில் எதிர்ப்பக்கத்தையும் முழுக்க எடுத்துக்கொண்டுதான் திரும்பும், ஓட்டுநரின் திமிர் அல்ல அது. வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்று ஹாரன் கொடுங்கள். குப்பனூர் வழியில் ரோடு இன்னும் குறுகல் என்பதால் இந்தப் பொறுமை அங்கே இரட்டிப்பாக வேண்டும்.

கேள்வி: எஸ்டேட் வீட்டில் கார் நிறுத்துகிறோம். எலி ஒயரைக் கடித்துவிடுகிறது. புகையிலை கட்டியும் பயனில்லை.
வாசகி, ஏற்காடு

குளிருக்கு இன்ஜின் கதகதப்பைத் தேடித்தான் எலி வருகிறது. வாடைக்கெல்லாம் சில நாளில் பழகிவிடும். இன்ஜின் அடிப்பக்கம் திறந்திருக்கும் இடங்களில் ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை கட்டச் சொல்லுங்கள். பெல்ட்டிலோ சைலன்ஸரிலோ படக் கூடாது. இரவில் பானட்டைத் தூக்கி வைத்தால் கதகதப்பும் இருக்காது, இருட்டும் இருக்காது. தீனிப் பொட்டலம், பழத்தோல் எதையும் வண்டிக்குள் விடாதீர்கள்.

காலையில் கிளப்புமுன் பானட்டைத் திறந்து ஒயர்களையும், சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் குழாய்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடிபட்டது ஏ.பி.எஸ். சென்சார் ஒயராக இருந்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். சாதாரண பிரேக் பிடிக்கும், ஈர ரோட்டில் சக்கரம் வழுக்காமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. மழையில்லாத பகலில் மெதுவாக இறங்கிப் பழுது பார்க்கலாம். ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஆயில் குறைந்திருக்கலாம், எங்கோ ஒழுகலாம். அந்த வண்டியை ஓட்டி இறக்காதீர்கள். மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள், இல்லையென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.